யாரும் முந்திப் போகாத லாரி

தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிறவனுக்குக் கடிகாரம்தான் சாமி. எங்கள் மோகனூர் ரோட்டில் கொஞ்சம் பிந்தினால் பின்னால் வருகிற பஸ்காரன் குறுக்கே நிறுத்திச் சட்டையைப் பிடிப்பான், கொஞ்சம் முந்தினால் முன்னால் போகிறவன் பிடிப்பான், இரண்டுக்கும் நடுவில் பிழைக்கிற பிழைப்பு இது. எங்கள் டிரைவர் பெரியண்ணன், எமனே எருமை மேல் முன்னால் போனாலும் ஹார்ன் அடித்து ஒதுக்கிவிட்டுப் போகிற ஆள். அப்பேர்ப்பட்ட மனுசன் ஒரு தை மாதத்துக் காலையில், அர்த்தநாரி ஓட்டி வந்த கோழித்தீவன லாரிக்குப் பின்னால் போய்ச் சேர்ந்ததும், ஹார்னிலிருந்து கையை எடுத்தார். எடுத்தவர் எடுத்தவர்தான். எதிரே ரோடு காலியாகக் கிடக்கிறது, முந்துவதற்கு ஒரு தடையும் இல்லை, இவரோ மாப்பிள்ளை அழைப்பில் நடக்கிறவர் மாதிரி மெதுவாக லாரியின் பின்னாலேயே போகிறார்.

எனக்குப் புசுபுசுவென்று கோபம் வந்தது. என்னண்ணா, தூங்கிட்டீங்களா என்று கேட்க முன்னால் போனேன். போனவன் கண்ணாடி வழியாக அந்த லாரியின் பின்பலகையைப் பார்த்தேன், வாயில் வைத்திருந்த விசில் தானாகக் கீழே இறங்கியது. அதில் ஒரு படம் இருந்தது. படம் என்று சொல்கிறேன், வேறெப்படிச் சொல்வது என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. கருநீலம் மேலிருந்து சரிந்து வந்து ஒரு இடத்தில் தேங்கி நின்றது, அதன் மேல் செங்காவி யாரோ உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து இழுத்தது போல ஓடியது, நடுவே மஞ்சள் ஒரே வீச்சாக வந்து பாதியில் நின்றுபோனது, கீழே இடது மூலையில் ஒரு முழத்துக்கு ஒரு பெயின்டும் படாமல் வெறும் தகரம் வெயிலில் மின்னியது. ஆள் இல்லை, சாமி இல்லை, பூ இல்லை, கழுகு இல்லை. பார்த்த மாத்திரத்தில், எதற்கென்றே தெரியாமல், சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தேன். காலேஜ் பையன்கள் பாட்டை நிறுத்தியிருந்தார்கள். கூடைக்காரப் பெண்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் கார், காருக்குப் பின்னால் டெம்போ, அதற்குப் பின்னால் பைக்குகள், டிராக்டர், இன்னொரு லாரி என்று கண்ணுக்கெட்டின தூரம் வரிசை நின்றது, ஒருவன் ஹார்ன் அடிக்கவில்லை, ஒருவன் முந்தவில்லை. அர்த்தநாரி கோழிப்பண்ணைப் பிரிவில் திரும்பின பிறகுதான் ரோட்டுக்கு உயிர் வந்தது. மோகனூருக்குக் கண்றாவியாகப் பிந்திப் போய்ச் சேர்ந்தோம். அடுத்த பஸ் கண்டக்டர் சட்டையைப் பிடிக்க வருவான் என்று நான் தயாராக நின்றால், அவனும் அதே வரிசையில் வந்தவன்தான், கண் சிவந்து போய் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டீ சொன்னான்.

அந்தப் படத்தைப் போட்டவள் கோகிலவாணி. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகள் இருக்கின்றன அல்லவா, அதில் ஒன்றில் அவள் படம் போடுகிறவள், அவள் புருசன் மாதேஸ்வரன் அதே பட்டறையில் வெல்டர். கிளி போட்டாளென்றால் கிளி, ரோஜா போட்டாளென்றால் ரோஜா, அத்தனை சுத்தமான கை. கல்யாணமாகி ரொம்ப வருசம் கழித்து வயிற்றில் வந்தது. எட்டாம் மாதம் முடிகிற சமயத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், அறுத்து எடுத்தார்கள், குழந்தைக்கு உயிர் இல்லை. அவள் மயக்கம் தெளிவதற்குள் மாதேஸ்வரன் அதைத் துணியில் சுற்றித் தனியாகக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்துவிட்டான்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். மூச்சு விடாமல் பிறந்ததற்குப் பேர் வைப்பதில்லை, காரியம் செய்வதில்லை, துக்கம் விசாரிக்க யாரும் போவதில்லை. பெற்றவளுக்கு முகத்தைக் காட்டுவதில்லை, புதைத்த இடத்தைச் சொல்வதுமில்லை. சொன்னால் அவள் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வாள், அடுத்தது தங்காது என்பார்கள். எல்லாம் அவள் நல்லதுக்குத்தான். ஊரே அப்படி ஒன்று நடக்காத மாதிரி அவளிடம் பேசியது, குழம்பு என்ன வைத்தாய் என்று கேட்டது. அவளோ எல்லோரிடமும் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள், எங்கே என்று. மாமியாரிடம் கேட்டாள், நர்சம்மாவிடம் கேட்டாள், தினமும் சோறு போடும்போது மாதேஸ்வரனிடம் கேட்டாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்து போனான். இந்த மண்ணில் ஏதோ ஒரு இடத்தில் தன் பிள்ளை கிடக்கிறது, எந்த இடத்தை மிதித்து நடக்கிறோம் என்றுகூடத் தெரியாமல் நடக்கிறோம் என்கிற நினைப்பில், பாவம், அந்தப் பெண் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தாள்.

ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தவளிடம் முதலில் வந்த வேலை லாரிக்காரர் நல்லுசாமியுடையது. அவர் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்த சந்தோசம், புது லாரியின் பின்பலகையில் தவழ்கிற கிருஷ்ணனைப் போடச் சொன்னார், நல்லா கொழுகொழுன்னு இருக்கோணும் அம்மிணி என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. நடக்காத மாதிரி இருக்க வேண்டும் என்று எல்லோரும் அவ்வளவு கச்சிதமாக நடித்ததில், நடந்ததே அவருக்கு மறந்துபோயிருந்தது. பட்டறையிலும் யாருக்கும் உறைக்கவில்லை.

அவள் நீலம் கலக்கினாள். முழங்கால் வரைந்தாள், கை வரைந்தாள், முகத்துக்கு வந்தபோது நின்றுவிட்டாள். என்ன முகம் போடுவாள், சொல்லுங்கள். நிறைய நேரம் பிரஷ்ஷைப் பிடித்தபடி நின்றவள், வெறும் கையை வைத்து நீலத்தை அழித்தாள், அழித்த கை நிற்கவில்லை, செங்காவி டப்பாவைக் கவிழ்த்தாள், பட்டி பூசுகிற தகடால் இழுத்தாள், ஸ்ப்ரே கன்னை எடுத்தாள், பழந்துணியால் துடைத்தாள், துடைத்ததன் மேல் மறுபடி ஊற்றினாள். பட்டறையில் ஒவ்வொருவராகச் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்கள், மாதேஸ்வரன் மட்டும் முகமூடியைக் கழற்றாமல் வெல்டிங் வைத்துக்கொண்டே இருந்தான், வைப்பதற்கு இரும்பு இல்லாத இடத்திலும் வைத்தான் என்று சொன்னார்கள். கடைசியில் அந்த மூலைக்கு வந்தாள், ஒரு முழம் அகலம், அதன் மேல் ஒரு சொட்டுகூட விழாமல் கையை அணைகட்டி வைத்துக்கொண்டு சுற்றிலும் முடித்தாள். பிறகு மண்ணெண்ணெயில் கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

நல்லுசாமி வந்தார். தாம்தூம் என்று குதிக்கத்தான் வந்தார். பலகையைப் பார்த்தார், தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஏன் கட்டினார் என்று அவருக்கே தெரியாது. இருக்கட்டும், ஓட்டு என்று அர்த்தநாரியிடம் சாவியைக் கொடுத்தார். அப்படித்தான் அந்த லாரி ரோட்டுக்கு வந்தது.

நின்றுகொண்டிருக்கிற லாரிக்கு ஒன்றும் இல்லை, பக்கத்தில் போய் முதுகு சொறிந்துகொண்டு பார்த்துவிட்டு வரலாம். அது நகர்ந்தால்தான் யாராலும் முந்த முடியவில்லை. நாள் தவறாமல் காலையில் தீவன ஆலையிலிருந்து பண்ணைக்கு அது போகும், ரோடே பின்னால் போகும். முதலில் எல்லோரும் கேட்டது, அது என்ன படம் என்றுதான். வரைபடம் என்றார் ஒருவர், காவிரியில் தண்ணீர் வந்தபோது மேலிருந்து பார்த்தது என்றார். விபத்து என்றார் இன்னொருவர். தீப்பிடித்த வைக்கோல்போர் என்று ஒரு பாட்டம் பேச்சு ஓடியது. கால்நடை ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ருக்மணி தினமும் எங்கள் பஸ்ஸில் வருகிறவர், ஒருநாள் டிக்கெட்டை வாங்கி மடித்தபடி என்னிடம் சொன்னார்:

“அதுல ஒண்ணுமே இல்லீங்க கண்டக்டரே. ஒண்ணு இருந்தா அதுக்காக அழுதுட்டுப் போயிறலாம். இல்லாததுக்கு எப்படி அழுகறதுன்னுதான் தெரியல.”

அதற்குப் பிறகு யாரும் என்ன படம் என்று கேட்கவில்லை. ஊர் அதற்குப் பழகிக்கொண்டது, எதற்குத்தான் பழகவில்லை. வரிசையிலிருந்து பிரிந்து போகிறவர்கள் இண்டிகேட்டர் போடாமல், பக்கத்து வண்டிக்காரனுக்குக் கை காட்டாமல், எழவு வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவது போலப் போனார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பஞ்சர் கடைக்காரர் பிரிவு ரோட்டில் ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி வைத்தார், வேலைக்குப் போகிற அவசரத்தில் குளிக்க முடியாதவர்கள் காலையாவது நனைத்துக்கொண்டு போனார்கள். முகூர்த்த நாளில் பெண்வீட்டார் வேன் சுற்றுவழியில் போனது. பள்ளிக்கூடத்தில் மணியைத் தள்ளி அடித்தார்கள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் அர்த்தநாரி ஓரம் கட்டி நிறுத்திவிடுவார், நின்ற லாரிக்குத்தான் ஒன்றுமில்லையே, ஆம்புலன்ஸ் போன பிறகு மறுபடி கிளம்புவார், மறுபடி எல்லோரும் கிளம்புவோம். எதிர்த்திசையில் வருகிறவர்கள் என்ன ஊர்வலம் என்று பார்த்தால் தீவன மூட்டை போகிறது.

கரூர்ப் பக்கத்திலிருந்து, ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வேலை மெனக்கெட்டு வந்து அதன் பின்னால் போனவர்களும் உண்டு. பெரியண்ணன் தன் தம்பியைப் பற்றி எனக்குச் சொன்னதே அந்த வரிசையில்தான்; இத்தனை வருசம் பக்கத்தில் நின்றிருக்கிறேன், அவருக்குத் தம்பி இருந்ததே எனக்குத் தெரியாது. அர்த்தநாரிக்குத்தான் மனசு ஆறவில்லை. ஊரே அழுகிறது, ஓட்டுகிறவன் மட்டும் கண்ணாடியில் வரிசையைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது, நானும் ஒரு நாளைக்குப் பின்னால வரோணுங்க என்று டீக்கடையில் குறைப்பட்டுக்கொண்டார்.

நல்லுசாமியின் சொந்தக்காரர்கள் இது திருஷ்டி என்றார்கள். பூசணிக்காய் சுற்றினார்கள், மிளகாய் கட்டினார்கள், கடைசியில் நாக்கைத் தொங்கப்போட்ட திருஷ்டி முகம் ஒன்றைப் படத்தின் நடுவில் ஆணி வைத்து அடித்தார்கள். நன்றாக இருக்கிற ஒன்றுக்கு முகம் இல்லையே என்று தவித்த தவிப்பு அது, நம் ஆட்களுக்கு எதற்கும் ஒரு மூஞ்சி வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அழுதோம், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அர்த்தநாரியே பிடுங்கி எறிந்துவிட்டார்.

கோகிலவாணி மட்டும் அந்த வரிசையில் ஒரு நாளும் வரவில்லை. ஊர் பேசியது அவள் காதுக்கும் போயிற்று. பட்டறைக்குள் கைக்கெட்டும் தூரத்தில் நின்று போட்டாள், முடித்தாள், அவ்வளவுதான், அது ரோட்டில் ஓடி அவள் பார்த்ததில்லை. என்னைக் கூட்டிப் போ என்று மாதேஸ்வரனிடம் கேட்டால், அந்த ரோட்டில் டிராபிக் என்பான். அவன் அந்த ரோட்டுக்கே வருவதில்லை, எங்கே போக வேண்டுமென்றாலும் வாய்க்கால் மேட்டு வழியாகத்தான் போவான். பிள்ளையைப் பறிகொடுத்த ஆஸ்பத்திரி அந்த ரோட்டில் இருப்பதால் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

வெயில் காலம் வந்தபோது மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது, போக்குவரத்து நிற்கிறது என்று மனு போயிருந்தது. ஜீப்பில் வரிசையின் கடைசியில் வந்தவர் பண்ணைப் பிரிவில் இறங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இதை அழித்துத்தான் ஆக வேண்டும், எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, திங்கள்கிழமை வரை நல்லுசாமிக்குத் தவணை கொடுத்தார். போட்டவளே அழிக்கட்டும், வேற கை பட வேண்டாம் என்று நல்லுசாமி பட்டறைக்குப் போய்ச் சொன்னார்.

கோகிலவாணி உப்புத்தாளை எடுத்து மடித்தபடி சரி என்றாள். பிறகு எல்லோரும் இருக்கும்போதே புருசனைப் பார்த்துச் சொன்னாள்:

“அழிச்சுத் தர்றேன். அதுக்கு முன்னால ஒருக்கா அதுக்குப் பின்னால போகோணும். நீதான் கூட்டிட்டுப் போகோணும்.”

பட்டறையே அவனைப் பார்த்தது. அவனால் டிராபிக் என்று சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் லாரி கிளம்பியது, அதன் பின்னால் அவர்களுடைய மொபெட், அதற்குப் பின்னால் எங்கள் பஸ். யாரும் பேசி வைக்கவில்லை, ஆனால் அன்றைக்கு மற்ற எல்லா வண்டிகளும் அந்த மொபெட்டுக்கு இடம் விட்டுப் பின்னால் தங்கின. நான் டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டு டிரைவர் சீட் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். கோகிலவாணி புருசன் தோளைப் பிடிக்காமல் மடியில் கை வைத்து உட்கார்ந்து, அவன் தோளுக்கு மேலாக அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் அழவில்லை. எனக்குத் தெரிந்து அந்தப் படத்தின் பின்னால் அழாமல் வந்தது அவள் ஒருத்திதான், அவள் அழுததெல்லாம் அதில்தான் இருந்ததே. அழுதது அவன். முதலில் முதுகு ஆடியது. பிறகு மொபெட் ஆடியது. ஆஸ்பத்திரி தாண்டிற்று, ஒன்றும் ஆகவில்லை. வாய்க்கால் பாலம் வந்தது.

பாலத்தைத் தாண்டியதும் இடதுபக்கம் ஏரிக்கரைக்கு இறங்குகிற மண்பாதை ஒன்று உண்டு, ஆடு மேய்க்கிறவர்கள் போகிற வழி. மாதேஸ்வரன் கை காட்டாமல், வேகம் குறைக்காமல் அதில் இறங்கினான். கோகிலவாணி எங்கே என்று கேட்கவில்லை, அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். லாரி நேராகப் போயிற்று. நான் பெரியண்ணனைப் பார்த்தேன். பர்மிட் வாங்கின ரூட், ஒரு அடி விலகினாலும் வண்டியைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள், முதலாளி இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஸ்டீயரிங்கை ஒடித்தார். நான் விசில் கொடுக்கவில்லை. எங்கள் பின்னால் கார் திரும்பியது, டெம்போ திரும்பியது, டிராக்டர் திரும்பியது, அன்றைக்கும் வந்திருந்த அதிகாரியின் ஜீப்பும் திரும்பியது, புழுதி கிளம்பி ஏரி மறைந்துபோனது.

ஒரு பூவரச மரத்தடியில் மொபெட் நின்றது. மரத்தடியில் நான்கு கல், கல்லுக்கு மேல் நாய் தோண்டாமல் இருக்க வெட்டிப் போட்ட கருவேல முள். குழந்தை போய் ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது, முள்ளோ பச்சையாக இருந்தது. வெட்டி இரண்டு நாள்கூட இருக்காது. வாய்க்கால் மேட்டு வழியாக அவன் எங்கே போய்க்கொண்டிருந்தான் என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

அவன் கையை நீட்டிக் காட்டினான். அவள் கையிலிருந்த செருப்பை ஓரமாக வைத்துவிட்டுப் போய் முள்ளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் மண்ணைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிராமல் கேட்டாள்:

“பையனா, பொண்ணா?”

அடப்பாவிகளா, அதைக்கூட யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. நாங்கள் அத்தனை பேர் நின்றிருந்தோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

மாதேஸ்வரன் மண்டிபோட்டு உட்கார்ந்தான்.

“பொண்ணு,” என்றான். “உன்ர நெத்தி.”

அவள் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். பஸ்ஸிலிருந்த பெண்களுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, ருக்மணி முதலில் இறங்கினார், கூடைக்காரப் பெண்கள் கூடையை வைத்துவிட்டு இறங்கினார்கள், அவளைச் சுற்றி உட்கார்ந்து தோளோடு தோள் கட்டிக்கொண்டார்கள், ஆறு மாதத்துக்கு முன்னால் அவள் வீட்டு வாசலில் செய்திருக்க வேண்டியதை அந்த ஏரிக்கரையில் செய்தார்கள். ஆண்கள் தள்ளி நின்றோம், ஒவ்வொருவராகப் போய் மாதேஸ்வரன் கையைத் தொட்டோம். கண்ணாடியில் வரிசையைக் காணாமல் பயந்துபோன அர்த்தநாரி, லாரியை எங்கேயோ நிறுத்திவிட்டு நடந்து வந்து கடைசி ஆளாகச் சேர்ந்துகொண்டார். அவருக்கும் ஒரு வழியாக அழக் கிடைத்தது.

பிறகு எல்லோரும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினோம். வரேம்மா என்று என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது, கடித்துக்கொண்டேன். பெரியண்ணன் பின்பக்கமாகவே பஸ்ஸை ரோட்டுக்கு ஏற்றினார். அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தேன்.

திங்கள்கிழமை காலையில் அந்த லாரி முன்னால் போனது. பெரியண்ணன் கொஞ்ச நேரம் பின்னால் போய்ப் பார்த்தார், பிறகு ஹார்ன் அடித்தார், அடித்துவிட்டு அவரே திடுக்கிட்டார், முந்தினார். எல்லோரும் முந்தினார்கள். அழிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று, அதிகாரியும் அதைப் பற்றிப் பேசவில்லை. படம் இன்னும் அதே பலகையில்தான் இருக்கிறது, செங்காவி வெளுத்துவிட்டது, பெயின்ட் படாத அந்த மூலை மழை பட்டுத் துருவேறியிருக்கிறது. கடந்து போகும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். இப்போது அது வெறும் பெயின்ட்தான். ஆனாலும் என்ன படம் என்று யாராவது புது ஆள் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

மற்றபடி மாறியது ஒன்றுதான். வாய்க்கால் பாலத்தைத் தாண்டி முன்பு ஸ்டாப் கிடையாது. இப்போது நிற்கிறோம், பின்னால் வருகிற பஸ்காரனும் நிற்கிறான், நேரம் போகிறதே என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்த இடத்துக்கு ஒரு பேர் வேண்டியிருந்தது, பேர் சொல்லாமல் டிக்கெட் கிழிக்க முடியாதே, யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை, என் வாயிலும் அதுதான் வருகிறது. வெள்ளிக்கிழமைகளில் கோகிலவாணி பட்டறைப் பக்கம் ஏறுவாள், காலில் செருப்பு இருக்கும். பாலம் வந்ததும் நான் படியில் தொங்கியபடி ரோட்டுக்கே கேட்கிற மாதிரி, பாப்பா மரம், பாப்பா மரமெல்லாம் எறங்கு என்று கூப்பிடுவேன். அவள் இறங்கி நின்று, திரும்பி என்னைப் பார்த்து, போயிட்டு வரேனுங்கண்ணா என்பாள். போயிட்டு வாம்மா என்று சொல்லிவிட்டு விசில் கொடுப்பேன்.